திசு வளர்ப்பு வாழைக்கு நுண்ணூட்டம்

திசு வளர்ப்பு வாழைக்கன்று தன் வாழ்வின் முதல் மாதங்களில் மண்ணைத் தொடுவதே இல்லை. தாய்மரக் கிழங்கின் குருத்து நுனி நுண்ணுயிர் நீக்கப்பட்டு, கண்ணாடிப் புட்டியில் கூழான ஊடகத்தின் மேல் வைக்கப்படுகிறது. அதற்கு வேண்டிய சத்து முழுவதும் அந்தக் கூழில்தான் இருக்கிறது. உலகெங்கும் பெரிதும் பயன்படும் 'எம்.எஸ்.' ஊடகத்தை 1962இல் முராஷிகே, ஸ்கூக் என்ற இருவர் புகையிலைத் திசுவுக்காக வகுத்தனர்.

இந்த ஊடகத்தில் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை சேர்கிறது. போரிக் அமிலம் 6.2 மில்லிகிராம், துத்தநாக சல்பேட் 8.6 மில்லிகிராம், மயில்துத்தம் எனப்படும் செம்பு சல்பேட் வெறும் 0.025 மில்லிகிராம். அளவு சிறிதானாலும் வேலை பெரிது. துத்தநாகம் வளர்ச்சி ஊக்கி உருவாகவும், இரும்பு பச்சையம் உருவாகவும், போரான் செல்சுவர் உறுதிப்படவும் தேவை.

இரும்பை ஊட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட்டைத் தனியே கரைத்தால் அது நாளடைவில் துருவாகப் படிந்துவிடும். ஊடகத்தில் இரும்பு இருந்தும் திசுவுக்குக் கிடைக்காது. அதனால் இ.டி.டி.ஏ. என்ற பொருளும் சேர்க்கப்படுகிறது. நண்டு கொடுக்கால் இரையைப் பற்றுவதுபோல் அது இரும்பைப் பற்றிக் கரைசலிலேயே நிறுத்துகிறது. ஊடகத்தின் கார அமில நிலை ஏறக்குறைய 5.8இல் வைக்கப்படுவதும் இதற்குத் துணை.

வேர்விட்ட கன்றுகள் புட்டியிலிருந்து தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டுக்கும், பிறகு நிழல்வலைக்குடிலில் பாலித்தீன் பைக்கும் மாறுகின்றன. சில வாரங்கள் நீளும் இந்தக் கடினப்படுத்தும் பருவத்தில் கன்று தானே உணவு தயாரிக்கப் பழகுகிறது. தாய்மரத்தடியில் பெயர்த்த பக்கக்கன்றுக்குக் கிழங்கில் சேமிப்பு உண்டு. திசு வளர்ப்புக் கன்றுக்கு அது இல்லை. எனவே நீர்த்த சத்துக் கரைசல் தரப்படுகிறது. வயலில் நட்டபின் 2, 4, 6, 8ஆம் மாதங்களில் வழக்கத்தைவிட 50 விழுக்காடு கூடுதல் உரமிடத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பதும் திசு வளர்ப்பு வாழைக்கே.

வயலிலும் சத்து கிடைக்காத சிக்கல் தொடர்கிறது. எடுத்துக்காட்டாக, திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோர மணற்பாங்கான நிலம் சத்தைப் பிடித்து வைப்பதில்லை. நீரோடு அது கீழே இறங்கிவிடுகிறது. மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் உட்புகுந்து நிலத்தடி நீர் உவர்ப்பாகியிருக்கிறது. காரத்தன்மை மிகுந்த மண்ணிலோ இரும்பும் துத்தநாகமும் கரையாத வடிவத்தில் முடங்கும். இளம் இலையில் நரம்புகள் பச்சையாக இருக்க இடைப்பகுதி வெளுத்தால் அது இரும்புக் குறைவு. இலை குறுகி வெளிர்கோடு விழுந்தால் துத்தநாகக் குறைவு. இலை சுருண்டு, நரம்புக்குக் குறுக்கே கோடுகள் தோன்றினால் போரான் குறைவு.

மண் தராததை இலை வழியாகத் தரலாம். பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி 10 லிட்டர் நீருக்குத் துத்தநாக சல்பேட் 50 கிராம், அன்னபேதி 20 கிராம், மயில்துத்தம் 20 கிராம், போரிக் அமிலம் 10 கிராம் கலந்து, நட்ட 3, 5, 7ஆம் மாதங்களில் தெளிக்க வேண்டும். வெயில் தணிந்த வேளையில் ஒட்டும் திரவம் சேர்த்துத் தெளித்தால் கரைசல் இலையில் நின்று உட்செல்லும். தனித்தனியே கலக்க விரும்பாதவர்களுக்காகத் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 'பனானா சக்தி' என்ற ஆயத்தக் கலவையை உருவாக்கியிருக்கிறது.

நுண்ணூட்டத்தில் போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. போரான் மிகுந்தால் இலை ஓரம் கருகும். துத்தநாகமும் செம்பும் கன உலோகங்கள். மண்ணில் ஏற்கெனவே மிகுந்திருந்தால் வேரைப் பாதிக்கும். உருக்காலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பகுதிகளை ஒட்டிய நிலங்களில், உரம் வாங்கும் முன் மண்ணையும் நீரையும் சோதிப்பது இதனால் இன்னும் முக்கியம். திருவள்ளூர் மாவட்ட உழவர்கள் ஆலோசனைக்குத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். புட்டிக்குள் மில்லிகிராமில் அளந்து ஊட்டிய கன்றுக்கு வயலிலும் அளந்தே ஊட்ட அந்தச் சோதனை முடிவுதான் அடிப்படை.