மழலை வகுப்புக்கு முன்னே

கோடை விடுமுறை நெருங்கும்போது, மூன்றரை வயது மகனையோ மகளையோ மழலை வகுப்பில் சேர்க்கப் பரிந்துரைக் கடிதம் வேண்டிப் பெற்றோர் பலர் பங்கு இல்லத்திற்கு வருவதுண்டு. உடன் வரும் குழந்தை ஆங்கில எழுத்துகள் இருபத்தாறையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடும். ஆனால், புறப்படும் வேளையில் அதன் செருப்பை மாட்டிவிடுபவர் தாய். தண்ணீர்க் குவளையை வாயருகே பிடிப்பவர் பாட்டி.

எழுத்தறிந்திருப்பதில் குற்றமில்லை. எனினும், பள்ளியின் முதல் வாரத்தில் அக்குழந்தைக்கு வேண்டியவை வேறு. உணவுப் பாத்திரத்தைத் தானே திறக்க வேண்டும்; சிறுநீர் வந்தால் வாய் திறந்து சொல்ல வேண்டும்; தன் முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்; தாய் கண்ணில் படாத மூன்று மணி நேரத்தைக் கலங்காமல் கழிக்க வேண்டும். இவற்றைக் கற்பிக்கத் தக்க இடம் வீடே.

இவ்வுண்மையை உலகுக்கு எடுத்துரைத்தவருள் முதன்மையானவர், நம் திண்டுக்கல் மாவட்ட மலையிலேயே சில காலம் வாழ்ந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இத்தாலி நாட்டு மருத்துவரும் கத்தோலிக்கப் பெண்மணியுமான மரியா மாண்டிசோரி அம்மையாரே அவர். மூன்று இராசாக்கள் திருநாளாகிய 1907 ஜனவரி 6 அன்று, உரோமை நகரில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் அவர்தம் முதல் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. அங்கே ஒருநாள், கைக்குட்டையால் ஓசையின்றி மூக்கைத் துடைப்பது எப்படி என்று குழந்தைகளுக்கு மெல்லச் செய்து காட்டினார். குழந்தைகள் கைதட்டி ஆரவாரித்தனர்! மூக்கு ஒழுகுகிறதே என்று ஏசுவதற்குப் பலர் இருந்தனர். துடைக்கும் விதத்தைப் பொறுமையாகக் காட்டித் தருவதற்குத்தான் அதுவரை ஆளில்லை.

1939 நவம்பரில், ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க அவர் சென்னை அடையாற்றிற்கு வந்தார். உலகப் போர் மூண்டிருந்தமையால், இத்தாலியர் என்ற காரணத்தால் நாடு திரும்ப இயலவில்லை. 1942 முதல் 1944 வரை, அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கொடைக்கானலில் மகன் மாரியோவுடன் தங்கினார். பல வயதுக் குழந்தைகளும் ஒன்றாய்ப் பயின்ற சிறு பள்ளியொன்றை நடத்தி, செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் நேரில் கண்டு கற்கச் செய்தார்.

அவர் வகுத்த கருவிகளுள் ஒன்று, குழிகள் கொண்ட ஒரு மரக்கட்டை. அக்குழிகளில் பொருந்தும் உருளைகளின் தலையில் சிறு குமிழ்கள் இருக்கும். குமிழை மூன்று விரல்களால் பற்றி எடுத்து வைக்கும் குழந்தை, பென்சில் பிடிக்கத் தன்னையறியாமலே பழகுகிறது. இக்கருவியை விலை கொடுத்து வாங்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. வாசலில் கோலமாவைக் கிள்ளிப் புள்ளி வைக்கும் பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலுமே நாளை பென்சிலைப் பிடிக்கப் போகின்றன. பூட்டுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. பழைய பூட்டொன்றையும் சாவியையும் கொடுத்துப் பாருங்கள். சாவியைத் துளையில் பொருத்தித் திருப்பும் முயற்சியில் அரைமணி நேரம் பிள்ளை அசையாது அமர்ந்திருக்கும். சின்ன வெங்காயத்தின் சருகை உரித்தல், முல்லைப் பூவிலிருந்து காம்பையும் இலையையும் பிரித்தல், துவைத்த துணிகளில் அப்பாவுடையது எது, தம்பியுடையது எது என்று வகைப்படுத்தல் யாவும் இத்தகையனவே. ஓர் எச்சரிக்கை: புளியங்கொட்டையையும் நிலக்கடலையையும் கையில் கொடுத்துவிட்டு அப்பால் சென்றுவிடாதீர்கள். அவை மூக்கினுள்ளோ மூச்சுக் குழலிலோ சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

பிள்ளை செய்தால் நேரமாகும், சட்டைப் பித்தான் மாறிப்போகும், சோறு சிந்தும். நாமே செய்துவிடலாமே என்று தாய்மனம் துடிக்கும். அங்கேதான் பொறுமை வேண்டும். பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படத் தொடங்கினால் போதும்.

மொழியைக் குறித்தும் ஒரு சொல். பள்ளி ஆங்கிலப் பள்ளி என்பதற்காகப் பெற்றோர் தமக்கே பழக்கமில்லாத ஆங்கிலத்தில் அரைகுறையாகப் பேசுவது வேண்டாத வேலை. பாட்டியிடம் தமிழில் கதை கேட்டு, “அப்புறம்?” என்று வினவும் பிள்ளையே ஆசிரியை சொல்வதையும் செவிமடுக்கும்.

நூற்பாலைக்கும் தோட்ட வேலைக்கும் செல்லும் தாய்மாருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். உண்மையே. 1975 அக்டோபர் 2 அன்று மைய அரசு தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் அவர்களுக்கு உதவும். அங்கே கிடைப்பது மதிய உணவு மட்டுமன்று. வரிசையில் நிற்கவும், பிறரோடு பகிரவும், பாட்டுக்குக் கை அசைக்கவும் குழந்தை பழகுகிறது. வசதி படைத்தோர் அதனை இளக்காரமாக எண்ணுவது எனக்கு விளங்காத ஒன்று.

பள்ளி திறக்குமுன், அத்தை வீட்டிலோ பாட்டி வீட்டிலோ சில மணி நேரம் விட்டுப் பழக்குங்கள். பிள்ளை வேறெங்கோ பார்க்கும்போது நழுவிப் போகாதீர்கள். அழுதாலும் சொல்லிவிட்டே செல்லுங்கள். பன்னிரண்டு மணிக்கு வருவேன் என்று சொல்லியிருந்தால், மணி அடிக்கும்போது பள்ளி வாயிலில் உங்கள் முகம் தெரியட்டும்.