படியும்போதே பிளக்கும் பாறைகள்

போளூருக்கு மேற்கே ஓங்கி நிற்கும் சவ்வாது மலை சார்னோக்கைட்டு, நைசு முதலிய கடும்பாறைகளால் ஆனது. இப்பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுத் தொன்மை உடையன. இவற்றில் நாம் காணும் பிளவுகள் யாவும் பாறை இறுகிய பின்னர்த் தோன்றியவை. ஆயின், பாறை உருவாகிக் கொண்டிருக்கும்போதே அதனுடன் வளரும் பிளவுகளும் உண்டு. நிலவியலார் அவற்றை 'வளர் பிளவுகள்' என்பர். அவை தோன்றும் முறையை ஈண்டுக் காண்போம்.

மலையை மழை கரைக்கின்றது. கரைந்த மண்ணை ஆறு கடலுக்குச் சுமக்கின்றது. சவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு பாலாற்றில் கலக்க, பாலாறு வங்கக் கடலை அடைகின்றது. கோதாவரி, கிருஷ்ணா போன்ற பேராறுகளோ பன்னூறாயிரம் ஆண்டுகளாக வண்டலைக் கொணர்ந்து கடலடிச் சரிவின் விளிம்பில் குவித்து வந்துள்ளன.

முதலில் நுண்களிமண் படிகின்றது. அதன்மேல் மணல் விரைந்து குவிகின்றது. களிமண்ணின் துளைகளில் உள்ள நீர் வெளியேற வழியின்றிச் சிறைப்படுகின்றது. மேற்சுமையின் ஒரு பகுதியை அந்நீரே தாங்குவதால் அதன் அழுத்தம் மிகுகின்றது. களிமண் வலுவிழந்து வழுக்குகின்றது. ஈரக் களிமண் சரிவில் மண்ணை வாரிக் கொட்டினால் கொட்டிய மண் கீழ்நோக்கி நழுவுவதைக் குளக்கரை வேலையில் நாம் கண்டிருக்கின்றோம். கடலடியிலும் அதுவே நிகழ்கின்றது. இங்கு இழுப்பது நிலநடுக்கமன்று, புவியீர்ப்பு.

இவ்வாறு நழுவும் படிவத்தின் தலைப்பகுதியில் பிளவு உண்டாகின்றது. அது மேலே செங்குத்தாகவும், ஆழத்தில் சாய்ந்து படுத்தும், கரண்டியின் உட்புறம்போல் வளைந்திருக்கும். கடற்புறத் துண்டு கீழிறங்க, அங்கே பள்ளம் தோன்றுகின்றது. புதிய வண்டல் அப்பள்ளத்தில் மிகுதியாக நிறைகின்றது. அச்சுமையால் துண்டு மேலும் இறங்குகின்றது. ஆகவே, ஒரே அடுக்கு பிளவின் கரைப்புறத்தில் 30 மீட்டராக இருப்பின், கடற்புறத்தில் 60 மீட்டராகவும் இருக்கலாம். இத்தடிப்பு வேறுபாடே வளர் பிளவின் அடையாளம். சரிவின் அடிவாரத்திலோ, நழுவி வந்த அடுக்குகள் நெருக்குண்டு மடிப்புகளாகின்றன.

இதனால் மாந்தர்க்கு யாது பயன்? இறங்கிய துண்டு பிளவை நோக்கி வளைந்து கவிகை வடிவம் பெறும். அக்கவிகையின் கீழ் எண்ணெயும் எரிவாயுவும் சிறைப்படும். அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடா, ஆப்பிரிக்காவின் நைஜர் கழிமுகம் ஆகியவற்றின் எண்ணெய் வளத்தில் இவ்வமைப்புக்குப் பெரும் பங்குண்டு. நம் நாட்டில் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் வளர் பிளவுகள் மிகுதி. அப்படுகையின் கடற்பகுதியில் ரவா எண்ணெய் வயல் 1987இல் கண்டறியப்பட்டது.

வளம் தரும் இந்நழுவலே சில வேளை அழிவும் தருகின்றது. வளர் பிளவு மெல்ல நகர்வது. ஆனால் நீரழுத்தம் மிகுந்த சரிவை நிலநடுக்கம் உலுக்கினால் படிவம் திடீரெனச் சரியும். 1929 நவம்பர் 18 அன்று நியூபவுண்டுலாந்துக்குத் தெற்கே அவ்வாறு சரிந்த வண்டல், கடலடித் தந்திக் கம்பிவடங்கள் 12ஐ அறுத்தது. எழுந்த ஆழிப்பேரலை 28 உயிர்களைக் கவர்ந்தது. 1998 ஜூலை 17 அன்று பப்புவா நியூகினியில் 2,000 பேருக்கு மேல் மாண்டதற்கும் கடலடிச் சரிவே காரணம் என அறிஞர் கருதுவர்.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைக் கண்ட நாம், அலைக்குக் காரணம் நிலநடுக்கம் மட்டுமே என எண்ணிவிடலாகாது. இன்று உலகின் செய்திப் போக்குவரத்து கடலடிக் கம்பிவடங்களையே நம்பியுள்ளது; அவற்றுட் சில சென்னையில் கரையேறுகின்றன. கம்பிவடம் இடுவோரும் எண்ணெய்க் கிணறு தோண்டுவோரும் கடலடிச் சரிவின் நிலையை முன்னரே ஆராய்தல் இன்றியமையாதது. மலையிலிருந்து புறப்பட்ட மண்ணின் பயணம் கடற்கரையோடு முடிவதில்லை என்பதை நம் மாணவர் உணர்தல் வேண்டும்.