தேய்த்தாலும் போகாத எண்

எல்லைச் சாலையில் ஒரு கார் – தொடர் 9

வீட்டுக்குள் கிடக்கும் சாவியின் சிக்னலை வாசலில் நின்றே பிடித்துக் காரைக் கிளப்பும் வித்தையைப் போன வாரமே விரிவாகப் பார்த்துவிட்டோம். இந்த வாரம் இன்ஷூரன்ஸ் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் போகுமுன் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று குறுக்கே நிற்கிறது. பூட்டு தோற்றுப்போன பிறகு காரைக் காப்பாற்றுவது எது? காரின் பெயர்தான் என்று நான் சொல்வேன். ஷோரூமில் வைத்த பெயரைச் சொல்லவில்லை. சேஸிஸில் அடித்திருக்கும் 17 எழுத்து எண்ணைச் சொல்கிறேன். ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற எல்லைப் பகுதியில் விலையுயர்ந்த கார் வைத்திருப்பவர் பூட்டுக்குச் செலவழிக்கும் கவனத்தில் பாதியையாவது அந்த எண்ணுக்குச் செலவழிக்க வேண்டும்.

வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். ஓசூர் ஊரைத் தாண்டினால் ஜூஜூவாடி, அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். இந்தப் பக்கம் கிருஷ்ணகிரிக்கு வந்தால் சென்னைக்கு ஒரு சாலை, சேலத்துக்கு ஒரு சாலை, திருவண்ணாமலை வழியாகப் புதுச்சேரிக்கு ஒன்று, குப்பம் பக்கம் ஆந்திரத்துக்கு ஒன்று. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. சரக்கு லாரிகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் எல்லையில் வண்டிகள் நின்று போகும் பழக்கமும் அத்தோடு போயிற்று. நூறு கிலோமீட்டர் வேகத்தை நாலைந்து விநாடியில் தொடும் காருக்கு இந்த எல்லை சில நிமிஷத் தூரம். உரிமையாளர் விழித்து, புகார் எழுதி, தகவல் அடுத்த மாநிலத்துக்குப் போய்ச் சேருவதற்குள் கார் அந்தப் பக்கம் இருக்கும். ஆகவே இங்கே பூட்டிடம் நாம் எதிர்பார்க்கக்கூடியது கொஞ்சம் அவகாசம் மட்டுமே.

அந்த அவகாசத்தை நான் மட்டமாக நினைக்கவில்லை. சரியான சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளம்பவிடாத இம்மொபிலைசர் என்ற சின்ன மின்னணுச் சாதனம் ஐரோப்பாவில் 1998 முதலும் கனடாவில் 2007 முதலும் புதிய கார்களுக்குக் கட்டாயம். அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை. இம்மொபிலைசர் இல்லாத கியா, ஹூண்டாய் கார்கள் அமெரிக்காவில் யுஎஸ்பி கேபிள் முனையை வைத்துத் திருகியே களவு போயின. அதே கார்கள் இம்மொபிலைசரோடு விற்கப்பட்ட கனடாவில் அந்த வித்தை பலிக்கவில்லை. பூட்டு வேண்டும் என்பதற்கு இதற்குமேல் சாட்சி தேவையில்லை. ஆனால் விலை கூடினால் பூட்டும் கூடும் என்று நம்புவது தவறு. போர்ஷே, பென்ட்லி, லம்போர்கினி கார்களில் இருந்த மெகாமோஸ் இம்மொபிலைசர் சிப்பின் ஓட்டையை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தபோது, 2013-ல் ஃபோக்ஸ்வேகன் அதை வெளியிட லண்டன் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. கட்டுரை வெளிவர 2015 ஆயிற்று. 2018-ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டெஸ்லா மாடல் எஸ் சாவியைச் சில விநாடிகளில் நகலெடுத்துக் காட்டினார்கள். அந்தச் சாவியைச் செய்த அதே கம்பெனிதான் மெக்லாரனுக்கும் சாவி செய்து கொடுத்துக்கொண்டிருந்தது.

சரி, கார் எல்லை தாண்டிவிட்டது. இனி திருடனுக்கு என்ன வேண்டும்? விலை. காருக்கு வேறு பெயர் கிடைக்காதவரை அவனுக்கு அந்த விலை கிடைக்காது. சாதாரண ஸ்விஃப்ட்டோ கிரெட்டாவோ என்றால் இது சுலபம். அதே மாடல், அதே நிறத்தில் எங்கோ நேர்மையாக ஓடும் வண்டியின் நம்பரை இதற்கு மாட்டிவிடலாம். ஒரு மாநிலத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு அப்படி இரட்டையைத் தேட முடியாது. அதனால் இப்படிப்பட்ட காரைத் திருடவே மாட்டார்கள், எல்லோர் கண்ணிலும் படுமே என்று சொல்பவர்கள் உண்டு. அரை உண்மைதான். கண்ணில் படும் கார் தெருவில் ஓடாமல் போகலாம். காகிதத்தில் புதிதாகப் பிறந்து தூர மாநிலத்தில் ஓடலாம். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை நடத்திய ‘நும்கோர்’ சோதனையை நினைத்துப் பாருங்கள். பூட்டான் வழியாக வந்த சொகுசு வண்டிகளுக்குப் போலி ஆவணம் தயாரித்து, வடமாநிலத்தில் பதிவு செய்து, தெற்கே விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. அது வரி ஏய்ப்பு வழக்கு, திருட்டு வழக்கில்லை. ஆனாலும் காகிதத்தில் ஒரு காருக்குப் பூர்வீகம் எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறது என்பதற்கு அதுவே போதும். காகிதம் மாறலாம், பிளேட் மாறலாம். உலோகத்தில் அடித்த எண் ஒன்றுதான் திருடனுக்கு மிச்சமிருக்கும் தொல்லை. அதை அவன் கிரைண்டரை வைத்துத் தேய்க்கிறான்.

அப்படித் தேய்த்த எண் திரும்ப வரும். இந்த வாரம் என்னை வேறு எதையும் எழுதவிடாமல் பிடித்துவைத்த சங்கதி இதுதான். சிப்காட்டில் டூல் ரூம் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் இதன் அடிப்படையைச் சொல்வார்கள். எண் அடிக்கும் பஞ்ச் உளியை வைத்து இரும்பில் அடித்தால் மேலே தெரிவது பள்ளம் மட்டும். பள்ளத்துக்குக் கீழே இருக்கும் உலோகமும் நசுங்கி, இறுகி, தன் கட்டமைப்பை மாற்றிக்கொள்கிறது. திருடன் பள்ளம் மறையும்வரைதான் தேய்ப்பான். நசுங்கல் அதற்கும் கீழே இருக்கிறது. தடய அறிவியல் ஆய்வாளர் முதலில் அந்த இடத்தின் பெயின்டை நீக்குவார். மெல்லிய எமரி தாளால் கண்ணாடி போல் மினுங்கும்வரை தேய்ப்பார். பிறகு ஃப்ரை கரைசலைப் பஞ்சில் நனைத்து மெதுவாக ஒற்றுவார். 90 கிராம் குப்ரிக் குளோரைடு, 120 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலம், 100 மில்லி தண்ணீர் என்பது அதன் பழைய செய்முறை. நசுங்கிய உலோகத்தையும் நசுங்காத உலோகத்தையும் அமிலம் ஒரே வேகத்தில் அரிப்பதில்லை. சில நிமிஷத்தில் மினுங்கும் பரப்பில் மங்கலாக ஒரு ‘எம்’ தெரியும், அடுத்து ஒரு ‘டி’, ஒரு ‘6’. தெரிந்த எழுத்து மங்கியும் போகும். அதனால் பக்கத்திலேயே கேமராவை வைத்துக்கொண்டு, தோன்றத் தோன்றப் படம் பிடிப்பார்கள். திரும்ப ஒற்றுவார்கள், திரும்பப் படம். 17 எழுத்தும் ஒரே படத்தில் கிடைக்க வேண்டிய அவசியமில்லை. முதல் மூன்று எழுத்தே கம்பெனியைச் சொல்லிவிடும். எம்டி6 என்பது டிவிஎஸ் வண்டிகளின் முதல் மூன்று எழுத்து; அசோக் லேலண்டுக்கு எம்பி1. இரண்டு கம்பெனிக்கும் ஓசூரில் ஆலை இருக்கிறது. எண்ணோடு குழம்பும் என்பதால் ஐ, ஓ, க்யூ மூன்றும் இந்த வரிசையில் எங்கும் வராது. பாதி தெரியும் எழுத்தை வாசிக்கும் ஆய்வாளருக்கு இந்த ஒரு விதி எவ்வளவு பெரிய துணை என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு எல்லை உண்டு. நசுங்கிய ஆழத்தையும் தாண்டித் தேய்த்துவிட்டாலோ, வெல்டிங் வைத்து நன்றாகச் சூடாக்கிவிட்டாலோ எண் திரும்புவது கடினம். பஞ்ச் உளிக்குப் பதில் லேசரால் எழுதிய எண் உலோகத்தை நசுக்குவதே இல்லை. ஸ்போர்ட்ஸ் கார்களின் உடம்பு வேறு ரகம். 1999-ல் வந்த ஃபெராரி 360 மொடெனாவின் சட்டம் அலுமினியம். அதற்கு ஃப்ரை கரைசல் ஆகாது, வேறு ரசாயனம் வேண்டும். 1992-ன் மெக்லாரன் எஃப்1-ல் தொடங்கி உச்ச விலைக் கார்கள் பலவற்றின் நடுக்கூடு கார்பன் ஃபைபர். அது நெய்து, பிசின் ஊற்றி, சூட்டில் இறுக்கிய துணி. அதில் பஞ்ச் அடிக்க முடியாது. எண்ணைத் தனித் தகட்டிலோ, கூட்டோடு சேரும் உலோகப் பாகத்திலோதான் வைக்கிறார்கள். ஆக, கார் எவ்வளவு விலை உயர்ந்ததோ அவ்வளவுக்கு அதன் உடம்பில் எண் தங்குவதற்கு இடம் குறைகிறது. இந்த விசித்திரத்தை ஷோரூமில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அந்தக் குறையை நிரப்பத்தான் மைக்ரோடாட் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கு உள்ளேயே அடங்கும் புள்ளி. ஒவ்வொன்றிலும் அந்தக் காருக்கே உரிய எண். பல ஆயிரம் புள்ளிகளைப் பசையில் கலந்து இன்ஜின், கியர்பாக்ஸ், கதவின் உட்புறம், சீட்டின் அடிச்சட்டம் என்று தெளித்துவிடுகிறார்கள். புற ஊதா விளக்கில் பசை ஒளிரும். சிறு உருப்பெருக்கியில் எண் தெரியும். இதை முதலில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த கார்களில் ஒன்று ஸ்போர்ட்ஸ் கார் என்பதுதான் நமக்கு முக்கியம். 2000-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் திருடர்கள் குறிவைத்துத் தூக்கிய சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் கார்களுக்கு இந்தப் புள்ளிகளைத் தெளித்தார்கள். தென்னாப்பிரிக்கா 2012 செப்டம்பர் முதல் புதிய வண்டிகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 2019 ஜூலையில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வரைவு விதி வெளியிட்டது. மைக்ரோடாட் பொருத்தினால் ஏஐஎஸ்-155 தரத்துக்கு இணங்க வேண்டும் என்றது அது. பொருத்தியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். திருடன் காரை ஓட்டாமல் பிரித்து விற்றுவிட்டால் சேஸிஸ் எண்ணால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். பாகம் பாகமாகப் பிரித்தால் பெயரும் பாகம் பாகமாகக் கூடவே போகும். ஒரு புள்ளி தப்பினாலும் போதும். அத்தனையையும் சுரண்டி எடுத்துவிட்டோமா என்று திருடனுக்கு நிச்சயமாகத் தெரியவே தெரியாது.

ஜிபிஎஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற வாதம்தான் இருப்பதிலேயே வலுவானது, அதிலும் ஓசூரில். 2021 ஜனவரி 22 அன்று பாகலூர் சாலையில் முத்தூட் ஃபைனான்ஸ் கிளைக்குள் நுழைந்த கும்பல் சுமார் 25 கிலோ நகையை அள்ளிக்கொண்டு போனது. மறுநாளே ஹைதராபாத் அருகே பிடிபட்டது. நகைப் பைகளுக்குள் இருந்த ஜிபிஎஸ் கருவி மூன்று மாநிலப் போலீசுக்கும் வழிகாட்டியது. ஜிபிஎஸ்ஸின் வெற்றிக்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் இல்லை. நான் அதை மறுக்கவும் இல்லை. முதல் நாளுக்கு ஜிபிஎஸ்ஸைப் போல் ஒன்றும் கிடையாது. ஆனால் நகையோடு கருவி இருப்பது கொள்ளையருக்குத் தெரியாது. காரில் இருப்பது எல்லாத் திருடனுக்கும் தெரியும். 2024 செப்டம்பர் 27-ஐயும் நினைவில் வையுங்கள். திருச்சூரில் ஏடிஎம்களை உடைத்த கும்பல், தான் வந்த காரையே கன்டெய்னர் லாரிக்குள் ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் வந்தது. நாமக்கல் மாவட்டத்தில் போலீஸ் துரத்திப் பிடித்தது. கன்டெய்னருக்குள் போன காரின் நம்பரை எந்தச் சாலைக் கேமராவும் படிக்காது. நாலு பக்கமும் இரும்புத் தகடு சூழ்ந்த பெட்டிக்குள் சிக்னலும் தடுமாறும். கிருஷ்ணகிரி டோலில் ஒரு ராத்திரிக்கு எத்தனை கன்டெய்னர்கள் கடக்கின்றன என்பது இந்த வட்டாரத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் நாள் தவறினால் ஜிபிஎஸ்ஸின் கதை முடிந்தது. பெயரின் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

அது எத்தனை காலம் வேலை செய்யும்? 1995 ஏப்ரலில் இத்தாலியின் இமோலாவில் கிராண்ட் பிரீ பந்தயம் நடந்த சமயம் ஓட்டுநர் கெர்ஹார்ட் பெர்கரின் சிவப்பு ஃபெராரி எஃப்512எம் களவு போனது. கார் ஜப்பானுக்குப் போய்விட்டது. 2023 கடைசியில் இங்கிலாந்துக்கு வந்தது. அங்கிருந்து அமெரிக்காவுக்கு வாங்கவிருந்தவருக்காகக் காரைச் சரிபார்த்த ஃபெராரி, இது திருட்டுக் கார் என்று லண்டன் போலீசுக்குச் சொன்னது. நாலே நாளில் விசாரித்து மீட்டார்கள். 2024 மார்ச்சில் அறிவித்தார்கள். சுமார் 3,50,000 பவுண்ட் மதிப்புள்ள காரை 28 வருஷத்துக்குப் பிறகு திருப்பிக் கொண்டுவந்தது கம்பெனிப் பதிவேட்டில் இருந்த எண். அவ்வளவு தாமதமாகக் கிடைத்து என்ன பயன் என்று கேட்கலாம். அந்த 28 வருஷமும் அந்தக் காரை யாரும் பயமில்லாமல் விற்றிருக்க முடியாது. வாங்குபவர் ஒவ்வொருவரும் எண்ணைச் சரிபார்த்தால் திருடனுக்குக் கிடைக்கும் விலை சரியும். விலை சரிந்தால் அடுத்த காரைத் தூக்கும் ஆசையும் குறையும். எண்ணைப் பாதுகாப்பது ஒரு காரை மட்டும் பாதுகாப்பதில்லை என்பது இதனால்தான்.

ஆகவே ஓசூரின் டிஎன் 70 பதிவில் அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர் இந்த வாரம் செய்யக்கூடியது இது. சேஸிஸ் எண் எங்கெங்கே இருக்கிறது என்று தேடி, ஒவ்வொரு இடத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைக்கட்டும். இன்ஜின், கியர்பாக்ஸ், வீல் ஆகியவற்றின் வரிசை எண்களையும் குறித்து, படங்களைக் காரிலும் போனிலும் மட்டும் வைக்காமல் வேறோர் இடத்திலும் வைக்கட்டும். கண்ணாடிகளில் எண்ணைப் பொறிக்கட்டும். மைக்ரோடாட் கிடைத்தால் தெளிக்கட்டும், தெளித்ததைச் சொல்லும் ஸ்டிக்கரை வெளியே தெரிய ஒட்டட்டும். பழைய கார் வாங்குபவர் ஆர்சியை மட்டும் நம்பாமல் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் அந்த வண்டி திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். பக்கத்து மாநில வண்டி என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 48-ஆம் பிரிவின்படி ஆர்டிஓ தரும் தடையின்மைச் சான்றிதழையும், சேஸிஸில் கண்ணால் பார்த்த எண்ணையும் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடட்டும். அரை மணி நேர வேலை.

இன்ஷூரன்ஸ் அடுத்த வாரத்துக்குப் போகிறது. அதுவரை ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கார் காணாமல் போனால் முதல் வேலை போலீஸ் புகார். உடனே புகார் கொடுத்திருந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லத் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டை மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. காரோடு வந்த இரண்டு சாவிகளையும் கொண்டு வாருங்கள் என்று கம்பெனி ஏன் கேட்கிறது, இரண்டாவது சாவி இல்லாதவர் என்ன செய்வது என்பதிலிருந்து அடுத்த வாரம் தொடங்குவோம்.

(தொடரும்)