இணக்கமும் தீர்ப்பும்: குடும்பப் பிணக்குகளில் சமரசத்தின் இடம்

பாகூரிலிருந்து புதுச்சேரி நகருக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வில்லியனூரிலிருந்து அதில் பாதி. தொலைவு பெரிதன்று. எனினும் நடவு நாளில் கூலியை இழந்து, கைக்குழந்தையோடு பேருந்தேறி, ஜீவனாம்ச வழக்கின் வாய்தாவுக்கு வந்த ஒரு பெண், வழக்குத் தள்ளிவைக்கப்பட்டது என்னும் ஒரு சொல்லை மட்டும் கேட்டுத் திரும்புவது எத்தகைய இழப்பு என்பதை இவ்வூர்களை அறிந்தோர் அறிவர். கணவன் மனைவி பிணக்கு, பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்னும் பூசல், தந்தை மறைந்தபின் எழும் பாகப்பிரிவினைச் சச்சரவு ஆகியவற்றை நீதிமன்றப் படியேறாமலோ, ஏறிய பின்னரோ பேசித் தீர்த்துக்கொள்ளும் முறையே சமரசம். அதன் இயல்பை ஈண்டுக் காண்போம்.

பேசித் தீர்ப்பது நமக்குப் புதிதன்று. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சியர் ஆண்ட புதுச்சேரியில் உள்நாட்டு மக்களின் வழக்குகளை விசாரிக்கச் சாவடி நீதிமன்றம் ஒன்று இருந்தது; குடும்ப வழக்குகளில் உறவினரும் சாதித் தலைவர்களும் கூடிப் பேசுவதற்கு அது இடமளித்தது. திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 35ஆம் வசனமோ, தம்பதியரிடையே பிளவு நேருமென அஞ்சினால் கணவனின் குடும்பத்தார் ஒருவரையும் மனைவியின் குடும்பத்தார் ஒருவரையும் நடுவராக அமைக்க வழிகாட்டுகிறது. மனைவியின் தரப்புக்கும் ஒத்த இருக்கை அளிக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. எந்தச் சமயத்தார் கூட்டமாயினும், நம் ஊர்களில் அவ்விருக்கை பெரும்பாலும் பெயரளவுக்கே இருந்துவந்தது என்று சொல்ல நாம் தயங்கவில்லை.

இதனாலேயே ஊர்ப் பஞ்சாயத்தையும் சமரசத்தையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழையாகும். பஞ்சாயத்தார் தீர்ப்புச் சொல்வர்; சமரசர் சொல்லார். அவர் இரு தரப்பாரையும் ஒருங்கே அமர்த்திக் கேட்பார். பின்னர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துப் பேசுவார். இத்தனி அமர்விலேதான் முறையின் உயிர் இருக்கிறது. பஞ்சாயத்தில் பெண்ணுக்காக அண்ணன் பேசுவான், மாமன் பேசுவான். அவள் தூணோரம் நிற்பாள். தனி அமர்விலோ அவளே பேசியாக வேண்டும். வழக்கில் எழுதப்பட்டது சீர்வரிசை நகையாக இருக்கும். அவள் உள்ளத்தில் இருப்பது தனிக்குடித்தனமாகவோ, கணவனின் குடியாகவோ, பிள்ளையின் பள்ளிக்கூடமாகவோ இருக்கும். கணவனும் சபையில் ஒப்பாத தன் கடன்சுமையை அங்கே ஒப்புவான். அங்குச் சொல்லப்பட்டதை அவர் இசைவின்றிச் சமரசர் எதிர்த்தரப்புக்குச் சொல்வதில்லை. உடன்பாடு ஏற்படாவிடின் ஏற்படவில்லை என்று மட்டுமே நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பார்.

சட்டமும் இவ்வழியை மெல்ல மெல்ல ஏற்றது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், முதலில் இணக்கத்துக்கு முயலுமாறு நீதிபதியையே பணித்தது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு 2002 முதல் புதுவடிவில் நடைமுறைக்கு வந்தது. புதுச்சேரிக்கும் உயர் நீதிமன்றமாக விளங்கும் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005இல் சமரசத் தீர்வு மையம் தொடங்கப்பெற்றது. நீதிமன்றத்தோடு இணைந்த இத்தகைய மையங்களில் நாட்டிலேயே முன்னோடி அது. மணவழக்குகளில் சமரசத்துக்கு முயல வேண்டியதன் தேவையை 2013இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2023இல் சமரசத்துக்கெனத் தனிச்சட்டமே இயற்றப்பட்டது.

ஜமாஅத் பெரியோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். மார்க்கத் தீர்ப்பு மன்றங்களின் முடிவுகளுக்கும் ஃபத்வாக்களுக்கும் சட்டவலு இல்லை என 2014இல் உச்ச நீதிமன்றம் உரைத்தது. காஜியார் வழங்கும் தலாக் சான்றிதழ் ஒரு கருத்தே எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் கூறியது. இவை பெரியோர் கூட்டிவைத்துப் பேசுவதைத் தடுப்பன அல்ல, கட்டாயப்படுத்துவதையே தடுப்பன.

சமரசத்துக்கு எல்லையும் உண்டு. 2015இல் கடலூர்ப் பகுதியைச் சேர்ந்த பாலியல் வன்கொடுமை வழக்கொன்றைச் சென்னை உயர் நீதிமன்றம் சமரசத்துக்கு அனுப்பியது. அத்தகைய குற்றத்தில் சமரசம் என்பதற்கே இடமில்லை என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னபின் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. வீட்டுக்குள் அடியும் உதையும் தொடரும்போது, 'அனுசரித்துப் போ' என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புதலைச் சமரசமென நாம் ஒப்பவில்லை. அஞ்சுகின்றவள் இசைவது இசைவாகாது.

வழக்குத் தொடுக்காதவரும் புதுச்சேரியில் உள்ள சட்டப் பணிகள் ஆணையத்தை நாடலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்த உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு ஒப்பாகும். அதன்மீது மேல்முறையீடு இல்லை. ஆதலின் தொகை எவ்வளவு, எந்தத் தேதியில், எவர் கையில், பிள்ளை எந்நாளில் யாரிடம் என்பன ஐயமற எழுதப்பெறுதல் வேண்டும். எழுதியதை அப்பெண்ணுக்குத் தமிழில் வரிவரியாகப் படித்துக்காட்டிய பின்னரே கையொப்பம் கேட்க வேண்டும். மறுநாள் வருகிறேன் என்று அவள் சொன்னால், மறுநாள் வரட்டும்.