கரகரக்கும் கிட்டாருக்குக் கைவைத்தியம்



ஆராதனையில் வாசிக்கவேண்டும் என்ற வாஞ்சையோடு உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு மின்சார கிட்டார் வாங்கியிருக்கலாம். மும்பையிலோ டில்லியிலோ பெங்களூரிலோ, வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சியதைச் சேர்த்துவைத்து வாங்கிக்கொடுத்த கருவி அது. நான்கைந்து மாதங்கள் கழிந்ததும் தந்தியை மீட்டும்போதெல்லாம் 'ஜ்ர்ர்' என்று ஒரு கரகரப்பு எழும்புகிறது. ஆம்ப்ளிஃபயரில் இணைத்தாலோ ஓயாத இரைச்சல் ஒன்று கூடவே வருகிறது. கடைக்குக் கொண்டுபோனால், "ஆரம்ப நிலைக் கிட்டார் இப்படித்தான் இருக்கும், பெரியதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். பாடற்குழுவில் உள்ள மூத்த சகோதரர் ஒருவர், "பிக்அப்பை மாற்று தம்பி, எல்லாம் சரியாகிவிடும்" என்பார். இரண்டுக்கும் அவசரப்பட வேண்டாம். பெரும்பாலான கிட்டார்களுக்கு முதலில் தேவைப்படுவது பணம் அல்ல. சரியான வரிசையில் செய்யப்படும் சில சிறு திருத்தங்களே. அந்த வரிசையைத் தவறவிடுகிறவர்கள்தாம் புதிய பிக்அப் வாங்கி மாட்டிய பிறகும் அதே கரகரப்பைக் கேட்டு மனம் சோர்ந்துபோகிறார்கள்.

முதலாவது, கரகரப்பும் இரைச்சலும் வெவ்வேறு நோய்கள் என்பதைப் பகுத்தறியுங்கள். கரகரப்பு என்பது அதிரும் தந்தி ஏதோவோர் உலோகத்தின்மேல் உரசுவதால் பிறப்பது. இரைச்சல் என்பது மின்சாரத்தால் வருவது. தந்தியைத் தொடாமலிருக்கும்போதும் அது கேட்கும். ஆகவே கேபிளைக் கழற்றிவிட்டு, அமைதியான அறையில் ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் நிதானமாக வாசித்துப் பாருங்கள். எந்த இடத்தில் கரகரக்கிறது என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஆம்ப்ளிஃபயரில் இணைத்து அதே இடங்களைக் கேளுங்கள். இணைக்காதபோது இலேசாகக் கேட்டு, இணைத்தபின் கேட்காத கரகரப்பை அப்படியே விட்டுவிடலாம். விலையுயர்ந்த கிட்டார்களிலும் அது உண்டு.

அடுத்து, தந்திகளின் வயதைப் பாருங்கள். கடற்கரைப் பட்டணங்களில் வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து சில வாரங்களிலேயே தந்தியைத் துருப்பிடிக்கச் செய்துவிடும். துருவும் அழுக்கும் ஏறிய தந்தி சீராக அதிராது. புதிய தந்தி மாட்டும்போது முன்பிருந்த அதே தடிப்பையே வாங்குங்கள். மெல்லிய தந்திக்கு மாறினால் இழுவிசை குறையும், கழுத்தின் வளைவும் மாறும். இன்னொரு காரியமும் உண்டு. பாடுகிறவர்களுக்கு எட்டவில்லை என்பதற்காகச் சுருதியை அரைக்கட்டை, ஒரு கட்டை இறக்கி வைக்கும் வழக்கம் பல பாடற்குழுக்களில் இருக்கிறது. சுருதி இறங்கினால் தந்தி தளரும். தளர்ந்த தந்தி அகலமாக ஆடி ஃப்ரெட்டுகளில் உரசும். அப்படி வாசிப்பதே வழக்கமானால், ஒரு படி தடித்த தந்தி போடுவதே பரிகாரம்.

இப்போது கழுத்து. கிட்டாரின் கழுத்து மரத்தினுள் டிரஸ் ராட் எனப்படும் எஃகுக் கம்பி ஒன்று நீளவாட்டில் ஓடுகிறது. தந்திகள் ஆறும் கழுத்தை முன்னோக்கி இழுக்கின்றன. இந்தக் கம்பி அதை எதிர்த்துப் பிடிக்கிறது. கழுத்து கம்பீரமாக நேராக நிற்கவேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. அதிரும் தந்தி நடுவில்தான் அதிகமாக ஆடும் என்பதால், கழுத்துக்கு மிக மெல்லிய ஒரு குழிவு வேண்டும். அதை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. '10' எண் தந்திக் கட்டின் முதல் தந்தி 0.010 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர் தடிப்புடையது. கழற்றிய பழைய முதல் தந்தியில் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கிட்டாரைச் சுருதி சேர்த்து, ஆறாம் தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாம், எட்டாம் ஃப்ரெட் அருகே தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே அந்தத் துண்டு இலேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் குழிவு போதுமானது. ஃபெண்டர் நிறுவனம் தன் பெரும்பாலான கிட்டார்களுக்குச் சொல்லும் அளவும் இதுவே.

இடைவெளியே இல்லையென்றால் கழுத்து நேராகிவிட்டது அல்லது பின்னோக்கி வளைந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் கரகரப்பு மிகுந்திருக்கும். டிரஸ் ராட்டைத் தளர்த்தும் திசையில் கால் சுற்று திருப்புங்கள். இடைவெளி மிக அதிகமென்றால் தந்தி உயரமாக நின்று விரல் நோகும், நடுப்பகுதிக்கு மேலே கரகரப்பு வரலாம். அப்போது கால் சுற்று இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் மறுபடி சுருதி சேர்த்து, ஓரிரவு பொறுத்து, பிறகு அளந்து பாருங்கள். பொருத்தமான அளவுள்ள ஆலன் சாவியையே பயன்படுத்துங்கள். திரும்ப மறுத்தால் பலவந்தம் பண்ணாதீர்கள். அந்தத் திருகின் வாய் மழுங்கிப்போனால் பழுதுபார்க்கும் செலவு கிட்டாரின் விலையையே எட்டிவிடும்.

ஊர்விட்டு ஊர் மாறும் நம்மவர்கள் இதை நன்றாய்க் கவனிக்கவேண்டும். மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், வறட்சியில் இழக்கும். மும்பையின் ஜூலை மாதத்தில் சரியாக இருந்த கழுத்து, மாற்றலாகி டில்லிக்குப் போய் ஜனவரிக் குளிரில் அறைச் சூடேற்றியின் பக்கத்தில் நின்றால் நேராகிப் பின்வளையக்கூடும். கரகரப்பு திடீரென்று வந்ததே என்று திகைக்க வேண்டாம், கிட்டார் கெட்டுப்போகவில்லை. மரம் சுருங்கும்போது ஃப்ரெட்டுகளின் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறுவதும் இதே காரணத்தால்தான். கருவியை உறையிட்டு, வெளிச்சுவரிலும் சூடேற்றியின் அருகிலும் சாய்த்து வைக்காமல் காப்பாற்றுங்கள்.

கழுத்து சரியான பிறகே தந்தியின் உயரத்தைத் தொடவேண்டும். இந்த முறை மாறினால் செய்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்வீர்கள். அரை மில்லிமீட்டர் கோடுகள் உள்ள எஃகு ஸ்கேல் ஒன்று போதும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவக் கிட்டாரில், 17ஆம் ஃப்ரெட்டின் மேலிருந்து தந்தியின் அடிவரை 1.6 மில்லிமீட்டர் என்பது ஃபெண்டரின் அளவு. அழுத்தி மீட்டும் பழக்கமுள்ள கைக்கு ஆறாம் தந்தியில் 2 மில்லிமீட்டர் வரை உயர்த்தினாலும் தவறில்லை. பிரிட்ஜில் ஒவ்வொரு தந்திக்கும் உள்ள சேடிலில் இரண்டு சிறு திருகுகள் இருக்கும். இரண்டையும் சமமாகத் திருப்புங்கள். ஆரம்ப நிலையில் இருக்கிறவர்கள் தந்தியை அளவுக்கு மிஞ்சித் தாழ்த்திவிட்டுக் கருவியைக் குறைசொல்லுவது மிகவும் சாதாரணம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரே ஓரிடத்தில் மட்டும் கரகரத்தால், அதற்கு அடுத்த ஃப்ரெட் மேலெழும்பி இருக்கக்கூடும். நேரான விளிம்புள்ள சிறு உலோகத் துண்டை மூன்று ஃப்ரெட்டுகளின்மேல் வைத்துப் பாருங்கள். அது சீசா போல ஆடினால் நடு ஃப்ரெட் உயரம். இதை நீங்களே அரத்தால் தேய்க்க முற்படாதீர்கள். பழுதுபார்ப்பவரிடம் "ஃப்ரெட் லெவலிங்" என்று கேட்டுச் செய்வியுங்கள். விரல் வைக்காமல் மீட்டும்போது மட்டும் கரகரத்து, விரல் வைத்ததும் நின்றுவிட்டால், நட்டில் உள்ள பள்ளம் ஆழமாகிவிட்டது. நட்டை மாற்றுவது பெரிய செலவல்ல. சில வேளைகளில் தந்தியே குற்றவாளி அல்ல. சுருதி முளையின் தளர்ந்த நட்டு, சேடிலின் சிறு சுருள், பின்புறத்து டிரெமொலோ சுருள்கள் ஆகியவையும் கூடவே அதிர்ந்து ஒலிக்கும். ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திக்கொண்டு மீட்டினால் எது என்று அகப்பட்டுவிடும்.

இனி பிக்அப்புக்கு வருவோம். காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளுமே பிக்அப். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து, சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. காந்தம் தந்தியையும் இழுக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். "சத்தம் கூடும்" என்று பிக்அப்பைத் தந்திக்கு மிக அருகில் உயர்த்தி வைத்தால், தந்தியின் அதிர்வு கலங்கி, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி சேராமல் நடுங்கி ஒலிக்கும். அதுவும் கரகரப்பைப்போலவே காதுக்குத் தோன்றும். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, சாதாரண சிங்கிள் காயில் பிக்அப்பை ஆறாம் தந்தியின் பக்கம் 2 மில்லிமீட்டர், முதல் தந்தியின் பக்கம் 1.6 மில்லிமீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் ஆகும் இந்த வேலையே சில கிட்டார்களில் புது பிக்அப் போட்டது போன்ற மாற்றத்தைத் தந்துவிடும்.

இரைச்சலின் காரணம் வேறு. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. சிங்கிள் காயில் பிக்அப் ஓர் ஆண்டெனாவைப்போல் அதையும் டியூப்லைட்டின் கோளாறையும் சேர்த்தே பிடிக்கும். கிப்சன் நிறுவனத்தில் பணிபுரிந்த சேத் லவர் 1955ஆம் ஆண்டில் இதற்கு விடை கண்டார். இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து, காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தார். தந்தியின் ஒலி கூடுகிறது, வெளி இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. அதுவே ஹம்பக்கர். மூன்று சிங்கிள் காயில் உள்ள பல கிட்டார்களில் நடு பிக்அப் எதிர்ச்சுற்றாகச் செய்யப்பட்டிருக்கும். ஐந்து நிலை சுவிட்சை இரண்டாவது அல்லது நான்காவது நிலையில் வைத்துக் கேளுங்கள். இரைச்சல் அடங்கினால் செலவில்லாத நிவாரணம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது.

இங்கே ஜாக்கிரதையாயிருக்க வேண்டிய ஒன்று உண்டு. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது இயல்பு. தொட்டும் மாற்றமே இல்லையெனில் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் கம்பி அறுந்திருக்கலாம். தொட்டதும் இரைச்சல் கூடினாலோ, மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்றாலோ உடனே வாசிப்பை நிறுத்துங்கள். அது பிக்அப்பின் குறை அல்ல. அந்த மண்டபத்தின் எர்த் இணைப்பு பழுதாக இருக்கலாம். ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே 3 அன்று பிரிட்டனின் ஸ்வான்ஸீ நகர மேடையில், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி மரித்தார். வாடகை மண்டபங்களில் கூடும் சபைகள், மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக்கிச் சொருகும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து எர்த்தைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் கசிவு தடுப்பான் போடச் செய்யுங்கள். கிட்டாரைவிடப் பிள்ளை முக்கியம்.

எல்லாவற்றையும் சரிசெய்த பின்னும் ஒலி சோர்வாகவோ கூச்சலாகவோ இருந்தால், பிக்அப் மாற்றுவதில் அர்த்தமுண்டு. மலிவான பிக்அப்கள் பலவற்றில் எஃகு ஆணிகளுக்கு அடியில் செராமிக் காந்தப் பட்டை ஒட்டியிருக்கும். ஆல்னிக்கோ காந்தத் தண்டுகள் உள்ளவை பெரும்பாலும் மென்மையாகப் பேசும். பெயர்பெற்ற நிறுவனங்களின் மூன்று பிக்அப் கட்டு, ஆரம்ப நிலைக் கிட்டாரின் விலைக்கே வந்துவிடும். ஆகையால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிரிட்ஜ் அருகே ஹம்பக்கர் உள்ள கிட்டாரானால் அதையே மாற்றலாம். மூன்றும் சிங்கிள் காயிலாக இருந்து இரைச்சலே பெரிய தொல்லையானால், அதே அளவில் வரும் இரட்டைச் சுருள் வகையை வாங்குங்கள். வாங்குமுன் துளையின் அளவையும் ஆணிகளின் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். சிங்கிள் காயிலுக்குப் பொதுவாக 250 கிலோ ஓம் வால்யூம் திருகும், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓமும் பொருந்தும்.

மாற்றும் நாளில், பழைய இணைப்புகளை முதலில் கைபேசியில் படமெடுங்கள். ஏறக்குறைய 40 வாட் சால்டரிங் அயர்ன் இருந்தால் வால்யூம் திருகின் முதுகில் ஈயம் நன்றாகப் பிடிக்கும். கம்பிகளின் நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், கூட வரும் படத்தையே பின்பற்றுங்கள். தந்தி மாட்டுமுன் கேபிளை இணைத்து, ஸ்க்ரூ டிரைவரால் பிக்அப்பை இலேசாகத் தட்டுங்கள். 'டொக்' என்று கேட்டால் உயிர் வந்துவிட்டது. இரண்டு பிக்அப் சேர்ந்து ஒலிக்கும்போது மட்டும் ஒலி மெலிந்து போனால், புதியதன் இரு கம்பிகளையும் இடம் மாற்றி ஒட்டுங்கள். நான்கு கம்பி உள்ளதானால் அதன் படத்தைப் பார்த்தே மாற்றவேண்டும். கழற்றிய பழைய பிக்அப்பைப் பெயரெழுதி ஓர் உறையில் பத்திரப்படுத்துங்கள். கிட்டாரை விற்கும் நாள் வந்தால் பழையதைத் திரும்ப மாட்டிவிட்டு, புதியதை அடுத்த கிட்டாருக்கு எடுத்துக்கொள்ளலாம்.