மருந்து இல்லாத ஊசி!

ஆபீஸில் கேட்டாலும் கிடைக்காதது இன்க்ரிமென்ட். கேட்காமலே கிடைப்பது இடுப்பு வலி! எட்டு மணி நேரம் நாற்காலி, ஒன்றரை மணி நேரம் பைக், வழி நெடுக ஸ்பீடு பிரேக்கர். முப்பது வயதுக்குள்ளேயே 'அம்மாடி' என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் இளைஞர் கூட்டத்தில் நானும் மூன்று மாதமாக உறுப்பினர்.

எலும்பு டாக்டர் பரிசோதித்துவிட்டு, "பயப்பட ஒண்ணுமில்லே, தசை வலிதான். எக்ஸர்ஸைஸ் பண்ணுங்க" என்றார். பண்ணினேன். குறைந்தது, போகவில்லை.

"அக்குபங்சர் ட்ரை பண்ணுங்களேன் ஸார். உடம்பு பூரா ஊசி குத்துவாங்க. ஜாலியா இருக்கும்!" என்றார் பக்கத்து ஸீட் நண்பர். ஊசியையும் ஜாலியையும் ஒரே மூச்சில் சொன்ன மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

போனேன். ஐம்பது வயதுப் பெண்மணி. இரண்டு கையிலும் நாடி பார்த்தார். தூக்கம், பசி, கோபம் எல்லாவற்றையும் விசாரித்தார். (பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இவ்வளவு கேட்கவில்லை!) "நாக்கை நீட்டுங்க தம்பி" என்றார்.

"இடுப்புலதானே மேடம் வலி?"

"நீட்டுங்க, சொல்றேன்."

குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு, சீல் வைத்த பாக்கெட்டை என் கண்ணெதிரே கிழித்தார். ஆஸ்பத்திரி ஊசி மருந்து போவதற்காகக் குழாயாக இருக்கும். இது அப்படியில்லை. உள்ளே துவாரமே கிடையாது. கெட்டியான மெல்லிய கம்பி, தடிமன் கால் மில்லிமீட்டர். சின்ன பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்து விரலால் 'டொக்'கென்று ஒரு தட்டு. எறும்பு கடித்தது போலக்கூட இல்லை. லேசாகத் திருகியபோதுதான் உள்ளே ஏதோ கனத்தது. வலி என்று சொல்ல முடியாது. யாரோ கட்டை விரலால் அழுத்திக்கொண்டே இருப்பது மாதிரி மந்தமான உணர்ச்சி. அதற்குச் சீனர்கள் 'தே சீ' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

இடுப்பில் நாலு, கணுக்காலில் இரண்டு, முழங்காலின் பின்பக்கம் இரண்டு. இடுப்பு வலிக்கு முழங்காலில் ஏன்? சீன மருத்துவக் கணக்கில் உடம்பு முழுக்கப் பாதைகள், அவற்றில் 361 புள்ளிகள். முதுகுப் பாதை முழங்காலின் பின்பக்கமாகத்தான் இறங்குகிறதாம்.

கி.பி. 1027-ல் சீனாவில் ஆள் உயர வெண்கலப் பொம்மை செய்து, புள்ளிகள் உள்ள இடத்தில் துளை போட்டார்கள். பரீட்சை நாளில் மேலே மெழுகு பூசி, உள்ளே தண்ணீர் ஊற்றி, மாணவன் கையில் ஊசியைக் கொடுப்பார்களாம். சரியான இடத்தில் குத்தினால் தண்ணீர் கசியும். கசியாவிட்டால் பெயில்! இந்தக் கலையை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர் கல்கத்தா டாக்டர் பி.கே. பாசு. 1938-ல் கோட்னிஸோடு சீனாவுக்கு மருத்துவ உதவிக்குப் போனவர்.

பொம்மைப் பரீட்சையில் பாஸானால் போதுமா? 2007-ல் வெளியான ஜெர்மன் ஆராய்ச்சி வேறு கதை சொல்கிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேர். ஒரு பிரிவுக்கு முறைப்படி ஊசி. இன்னொரு பிரிவுக்குப் புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான மருந்தும் பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பலன் கண்டவர்கள் முறையே 47.6, 44.2, 27.4 சதவிகிதம்!

அதாவது, எங்கே குத்தினாலும் ஏறக்குறைய ஒரே பலன். ஆனால், குத்திக்கொண்டவர்கள் மற்றவர்களைவிடத் தேவலை! பாதை, புள்ளியெல்லாம் என்னைப் பொறுத்தவரை சந்தேகக் கேஸ்தான். ஒருவர் அக்கறையாக விசாரித்து, தொட்டு, இருபது நிமிஷம் அசையாமல் படுக்க வைப்பதிலேயே பாதி வைத்தியம் இருக்கிறது என்பது என் கட்சி. அந்த இருபது நிமிஷத்தில் மானேஜர் இரண்டு தடவை செல்லில் கூப்பிட்டார். எடுக்க முடியாது, முதுகில் ஊசி! அந்த சுகத்துக்கே ஃபீஸ் கொடுக்கலாம்.

ஐந்து தடவை போய்வந்த பிறகு வலி பாதியாகியிருக்கிறது. இதில் ஊசிக்கு எவ்வளவு பங்கு, எக்ஸர்ஸைஸுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல இடுப்புக்கு வாய் இல்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தாலோ ஊசிக்காரரிடம் அல்ல, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஒரு தடவை உபயோகித்துவிட்டுத் தூக்கிப்போடும் ஊசிதானா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். "ஷுகர் மாத்திரையை நிறுத்திடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று யாராவது சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வெறும் வயிற்றோடு போனால் சிலருக்குத் தலை சுற்றும். முன்னாடியே இரண்டு இட்லியாவது உள்ளே தள்ளிவிட்டுப் போங்கள்.