காலில் தெரிந்தது, திரையில் தெரிவது

பிரேக்கில் காற்று எடுப்பது மலேசியாவின் கிள்ளான் பட்டறைகளில் இரண்டு ஆள் வேலையாக இருந்தது. போமன், அதாவது மெக்கானிக், காருக்கு அடியில் படுத்திருப்பார். சக்கரத்தின் பின்பக்க நிப்பிளில் ரப்பர் குழாய், அதன் மறுமுனை பாதி எண்ணெய் ஊற்றிய போத்தலுக்குள். பையன் ஓட்டுநர் இருக்கையில். “அமுக்கு தம்பி… இன்னும் அமுக்கு… பிடிச்சுக்க!” நிப்பிள் கால் சுற்று திறக்கும், பெடல் தரைவரை இறங்கும், போத்தலில் குமிழ்கள் கொப்பளிக்கும். நிப்பிளை மூடிவிட்டு “விடு” என்று அவர் சொன்ன பிறகுதான் பையன் காலை எடுக்கலாம். குமிழ் நின்று எண்ணெய் மட்டும் வரும்வரை நான்கு சக்கரத்துக்கும் இதே பாடு. வேலை முடிந்ததா என்று பையனின் கால்தான் சொல்லும். பெடல் உறுதியாக நின்றால் சரி. மெத்தென்று இறங்கினால் மறுபடியும் முதலிலிருந்து.

1985 ஜூலையில் புரோட்டோன் சாகா கார் வந்தது. அந்தத் தலைமுறைக் கார்களில் பிரேக்குக்கென்று பொதுவாக ஒரே ஒரு சிவப்பு விளக்குதான். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் எரியும். எண்ணெய் டப்பாவில் மிதவை இறங்கினாலும் எரியும். எண்ணெய் எங்கேயோ ஒழுகியிருக்கும், இல்லாவிட்டால் பேட் தேய்ந்து பிஸ்டன் வெளியே நகர்ந்திருக்கும். மற்ற நோய்களையெல்லாம் காதும் மூக்கும் காலுமே கண்டுபிடித்தன. கீச்சென்றால் பேட் முடியப்போகிறது. கரகரவென்றால் இரும்போடு இரும்பு உரசுகிறது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் கேலிப்பர் இறுகியிருக்கலாம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேக் குடும்பங்கள் நிறைந்த இடமாக இருந்தது. இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் ஆட்களுக்கு அங்கே பஞ்சம் இருந்ததில்லை.

2022 தொடக்கத்தில் மலேசிய அரசு மின்சாரக் கார்களுக்கு இறக்குமதி வரியையும் கலால் வரியையும் விலக்கியது. பிஒய்டி வந்தது, டெஸ்லா வந்தது, 2024 டிசம்பரில் புரோட்டோனே இ.மாஸ் 7 காரை வெளியிட்டது. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் இந்தக் கார்களை ஓட்டுகிறவர் பிரேக் பேடுக்கு அவ்வளவாக வேலை கொடுப்பதில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. அந்த ஆற்றல் பேட்டரிக்குப் போகிறது. எப்போது மோட்டார் பிடிக்கும், எப்போது பேட் பிடிக்கும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. இந்தக் கைமாற்றத்தின் சிக்கலை ஹைபிரிட் கார்களே முதலில் காட்டின. 2010 பிப்ரவரியில் டொயோட்டா உலகெங்கும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹைபிரிட் கார்களைத் திரும்ப அழைத்தது. கரடுமுரடான சாலையில் கணநேரம் பிரேக் விட்டுப்போவதுபோல் இருந்ததுதான் புகார். பழுது பார்க்கப்பட்டது மென்பொருள்.

இன்றைய காரில் ஒரு காலை நேரம் ஏபிஎஸ், சறுக்கல் கட்டுப்பாடு, ஹேண்ட் பிரேக், மேட்டில் நிறுத்திப் பிடிக்கும் வசதி என்று நான்கு எச்சரிக்கைகள் ஒன்றாக எரியும். நான்கும் ஒரே சமயத்தில் கெட்டிருக்காது. நல்ல போமன் முதலில் மல்டிமீட்டரை எடுத்து 12 வோல்ட் பேட்டரியில் வைப்பார். அடியில் எத்தனை பெரிய பேட்டரி இருந்தாலும் பிரேக் கணினிகளுக்கு உயிர் கொடுப்பது பெரும்பாலான கார்களில் இந்தச் சின்னதுதான். நல்ல ஈய பேட்டரி சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் விளக்குகள் எல்லாவற்றுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

பேட்டரி சரியென்றால், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர். நான்கு சக்கரங்களின் வேகமும் திரையில் ஓட, வண்டியை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல உருட்டுவார்கள். மூன்று கட்டங்களில் 20 நிற்கும். ஒன்று மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்து விழுந்து எழும். அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் சென்சார் முனையில் சேறு, இணைப்பில் பச்சைக் களிம்பு. 2021 டிசம்பர் வெள்ளத்தை அனுபவித்த கிள்ளானிலும் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவிலும் இதற்கு விளக்கம் தேவையில்லை.

எனக்குப் பொறுக்காத பழக்கம் ஒன்று உண்டு: ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டை அழித்து, விளக்கு அணைந்ததும் காரைக் கொடுத்து அனுப்புவது. விளக்கு அணைந்தது, சென்சார் அப்படியே இருக்கிறது. சிவப்பு விளக்கென்றால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். மஞ்சளென்றால் சாதாரண பிரேக் பெரும்பாலும் வேலை செய்யும், ஆனால் சறுக்கும்போது துணை நிற்காது. மோட்டாரின் பிடியும் குறைந்திருக்கலாம். இதை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லாமல் அனுப்புவது பெரிய தவறு.

விளக்கே சொல்லாத கோளாறுகளும் உண்டு. உழைத்துத் தேய்ந்த பிரேக் போய், உழைக்காமல் கெடும் பிரேக் வந்திருக்கிறது. மழையும் புழுக்கமும் ஓயாத ஊரில் டிஸ்க் துருப்பிடிக்கிறது. வெளிப்பக்கம் பளபளத்தாலும் உள்பக்கம் செம்மண் நிறத்தில் கிடக்கும். கேலிப்பர் ஊசிகள் இறுகுகின்றன. பேட் புதிதாகவே இருக்க, பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே போகிறது. புதிய டாட் 4 எண்ணெய் 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரமேறியதற்கு அந்த வரம்பு 155. கெந்திங் மலையில் முழுக்கச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்குகிறவர் இதை நினைவில் வைக்க வேண்டும். நிறைந்த பேட்டரியில் ஆற்றலைத் திருப்பி ஏற்ற இடமில்லை. பல கார்களில் அந்த இறக்கம் முழுவதையும் பேடும் எண்ணெயும்தான் தாங்க வேண்டும்.

கைவேலை குறையவில்லை, வாசல்தான் குறுகியிருக்கிறது. மின் ஹேண்ட் பிரேக் உள்ள காரில் பின்சக்கரப் பேட் மாற்றப் பிஸ்டனைக் கருவி கொண்டு நெட்டித் தள்ள முடியாது. பராமரிப்பு நிலைக்குப் போகும்படி முதலில் கணினியிடம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஹேண்ட் பிரேக்கின் மோட்டார் உடையலாம். அந்தக் கட்டளையும் பழுது விவரங்களும் நிறுவனத்தின் சொந்த சர்வீஸ் நிலையத்தோடு நின்றுவிடக் கூடாது. கட்டணம் வாங்கிக்கொண்டாவது சின்னப் பட்டறைகளுக்குத் திறந்துவிட வேண்டும். காதால் பிரேக்கைப் படித்தவருக்கு ஸ்கேனர் படிக்க அதிக நாள் ஆகாது. துருவுக்குப் பயந்து ஃபோக்ஸ்வேகன் தன் ஐடி.3 மின்சாரக் காரின் பின்சக்கரங்களில் பழைய டிரம் பிரேக்கையே வைத்திருக்கிறது. அந்த டிரம்மைக் கழற்றி, ஷூவை உட்காரவைக்கத் தெரிந்த கைகள் கிள்ளானில் இன்னும் இருக்கின்றன.